சீ.ஆர்.பீ. கூடியது, பையைக் கட்டினேன்

என் மனைவி லூர்துமேரிக்கு மனச்சிதைவு நோய் உண்டு. மனநல கிளினிக்கில் தரும் மாத்திரைகளைத் தவறாமல் போடுவதால் பல வருடங்களாக நன்றாக இருக்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு எல்லாவற்றிலும் முறை தெரியும் என்று ஒரு நினைப்பு.

போன மாதம் அவள் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. இரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சீ.ஆர்.பீ. அளவு கூடியிருந்தது. அது கூடினால் மனநோய் திரும்பக்கூடும் என்று எங்கோ வாசித்திருந்தேன். டொக்டருக்கு எதற்குச் சிரமம் என்று தீர்ப்பை நானே சொல்லிக்கொண்டு, மனநோய் வார்டில் சேர்க்க அவளுடைய உடுப்புகளைப் பையில் அடுக்கினேன்.

அதைப் பார்த்து அவள் அழுதாள். "வார்டு வேணாங்க. எனக்குப் பல்லுதான் வலிக்குது."

"ஏன் சொல்லல?"

"தலை வலிச்சாலே கிளினிக்குக்குப் போன் பண்றீங்க. இதையும் சொன்னா அங்கயே விட்டுட்டு வந்துருவீங்கன்னு பயந்தேன்."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

யட்டியாந்தோட்டை ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கினார்கள். அன்றிரவே தூங்கினாள். எந்தத் தொற்றுக்கும் அந்த அளவு கூடும், அதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று கிளினிக் டொக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார்.

இப்போது ரிப்போர்ட்டைப் பிரிக்குமுன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கயாச்சும் வலிக்குதா?" என்று கேட்கிறேன்.

"ரிப்போர்ட்ட பிரிக்காம உங்களுக்குக் கை அரிக்குமே!" என்று பல் போன இடம் தெரியச் சிரிக்கிறாள்.