வயசுக்கு வந்த பன்றிக்குட்டிகள்

பன்றிக்கு மஞ்சள் நீராட்டு நடத்திய ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். பெருமையடித்துக்கொள்ள எங்களிடம் வேறு அதிகமில்லை.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் மாமா வீடு. அங்கே பிள்ளைகள் கிடையாது. ஆகவே தின்பண்டமெல்லாம் எனக்கே. அதை ஒரு வசதியாக மட்டும்தான் அறிந்திருந்தேன்.

அத்தை இரண்டு பெட்டைப் பன்றிக்குட்டிகள் வளர்த்தாள். அவை ஈன்றால் பட்டி பெருகும், அவளுக்கென்று ஒரு பிழைப்பு வரும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மாமா, மழையில் நனைந்ததால் கழித்துப் போட்ட மக்காச்சோளத்தைக் கொண்டுவந்து இறக்கினார். காயவைத்தபோது மணிகளில் ரோஸ் நிறம் பூத்திருந்தது. அழகாகவே இருந்தது.

குட்டிகள் முகர்ந்துவிட்டு ஒதுங்கின.

"பன்னியே தொட மாட்டேங்குது. அவ்ளோ கலீஜா கீதுய்யா," என்றாள் அத்தை.

"அதுக்கு இன்னாமே, பிரியாணியா ஆக்கிப் போடணும்? கருவாடு கழுவுன தண்ணிய ஊத்து, துன்னும்."

தின்றன. சில வாரங்களில் குட்டிகளின் பின்புறம் சிவந்து வீங்கியது. மாமா குதித்தார்.

"மருமவனே, வயசுக்கு வந்துட்ச்சுடா! எல்லாம் நம்ம சோளத்தோட பவரு!"

தெருவுக்கே மிக்சர் கொடுத்தார். மாமாவுக்கு அக்காவான என் அம்மா, விளையாட்டாக மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அத்தை குட்டிகளின் வயிற்றைத் தடவித் தடவிச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

வளர்ந்தபின் ஆண் பன்றியோடு சேர்த்தார்கள். சினை பிடிக்கவில்லை. மறுபடியும் இல்லை. கடைசியாக மாட்டு டாக்டர் வந்து, மிச்சச் சோளத்தை அள்ளிப் பார்த்தார். பூஞ்சையாம். அன்றைய வீக்கம் பருவமல்ல, விஷம். வளர்கிற வயதிலேயே கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டது.

"ஈனாத பன்னிக்கு எவன் தீனி போடுவான்? கறிக்குத் தள்ளு," என்றார் மாமா.

"அதானே," என்றாள் அம்மா. தம்பிக்கு வேறு பெண் பார்க்க வேண்டுமென்று அந்த வருஷம் அவள் அக்கம்பக்கத்தில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை தீனி வாளியைக் கீழே வைக்கவில்லை.

"நா இந்த வூட்ல கீற வரிக்கும் அதுங்களும் இருக்கும்."

மாமா மிச்சச் சோளத்தைச் சாக்கில் அள்ளத் தொடங்கினார். அம்மா முந்தானையைச் சரிசெய்வதில் மும்முரமானாள்.

"இன்னாத்தே, பன்னிமேல அவ்ளோ பாசமா?" என்று கேட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். வாளியை என்னிடம் நீட்டி, "போடு," என்றாள்.

பாசம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போட்டேன்.