ஆல்டரக்காவின் ஏழு கண்ணாடிகள்

அந்தத் தெருவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. துணியை ஆல்டர் செய்து கொடுப்பதால் ஆல்டரக்கா என்றால்தான் தெரியும். புதுத்துணி அவள் தைப்பதில்லை. தொளதொளவென்று தொங்கும் பேன்ட்டைப் பிடிப்பாள், மூச்சு முட்டும் சட்டையைத் தளர்த்துவாள், அண்ணன் போட்டுக் கழித்த கோட்டைத் தம்பிக்குப் பொருத்துவாள்.

"புதுசா தைக்கறது என்ன பெரிய விஷயம்? வெள்ளைத்தாள்ல யார் வேணா எழுதலாம். அடுத்தவங்க எழுதினதைத் திருத்திப் பாருங்க, அப்பத் தெரியும்" என்பாள். இருபத்தாறு வருஷமாக அவள் கைக்குப் போன துணி குறையோடு திரும்பி வந்ததில்லை. அந்த ஒன்றில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

ஐம்பத்திரண்டாம் வயதில் அந்தப் பேரில் கீறல் விழுந்தது. வங்கி அதிகாரி ஒருவர் கறுப்புக் கோட்டின் கையைக் குறைக்கக் கொடுத்திருந்தார். மறுநாளே திரும்பி வந்தார். வாசலுக்கு வெளியே, வெளிச்சத்தில் நின்றுகொண்டு கையை நீட்டினார்.

"அக்கா, இது என்ன கலர் நூல்?"

கருநீலம். விளிம்பு முழுக்க. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது.

மெஷின் இருந்த முன்னறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். டியூப் லைட்டின் கீழ் கறுப்பும் கருநீலமும் அவள் கண்ணுக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிவிட்டன. அன்றிலிருந்து நூல் உருளையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய், வெயிலில் நிறம் பார்த்துவிட்டு வந்து உட்காருவாள். ஒரு நாளைக்கு இருபது முப்பது நடை.

"பேசாம மெஷினைப் பின்னாடியே போட்டுக்கயேன்" என்றார் கணவர். பேருந்தில் டிக்கெட் பரிசோதகர் அவர். வெளியே நாள் முழுக்கக் கேள்வி கேட்பதாலோ என்னவோ வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

பின்பக்கம் ஒரு தாழ்வாரம். மேலே கூரை உண்டு, மூன்று பக்கமும் திறப்பு. போட்டுப் பார்த்தாள். காற்று அளவு வெட்டும் தாள்களைப் பறக்கடித்தது, தூசி வெள்ளைச் சட்டையில் படிந்தது, சாரல் மெஷினை நனைத்தது. எதிர்வீட்டுப் பூனை ஒரு கல்யாணக் கோட்டின் மேல் சுருண்டு தூங்கி ரோமத்தை விட்டுப் போனது. ஒரு வாரத்தில் மெஷின் மறுபடி முன்னறைக்கே வந்தது.

"மூணு பக்கமும் கண்ணாடி வச்சு அடைச்சிடலாங்க. வெளிச்சம் உள்ள வரும், மத்ததெல்லாம் வெளியவே நிக்கும்" என்றாள்.

அலுமினியக் கதவு ஜன்னல் செய்பவரை வரச் சொன்னார்கள். அவர் நேர் பார்க்கும் ரசமட்டத்தைத் தூணில் வைத்தார், எடுத்தார், அடுத்த தூணில் வைத்தார். ஆறு தூண்களும் முடிந்ததும் ரசமட்டத்தையே சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க கட்டினது?"

"என் மாமனார்."

கட்டியவர் கொத்தனார் அல்ல, கொதிகலன் ஆலையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆளே வைக்காமல் பதினோரு வருஷத்தில் தானே கட்டிய வீடு அது. முதல் தூண் யானைக்கால், கடைசித் தூண் கொக்குக்கால். நடுவில் உள்ளவை தத்தம் இஷ்டத்துக்குச் சாய்ந்திருந்தன.

"ஒரு திறப்புகூட சதுரமா இல்லம்மா. தூணை எல்லாம் இடிச்சிட்டு நேரா நிறுத்துங்க. அப்பத்தான் சட்டம் உக்காரும். இப்படியே வச்சா ஓரத்துல நாலு விரல் சந்து வரும். பசை வச்சு அடைக்கலாம், ஒரு மழை தாங்கும்."

அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள். கணவரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. இடிப்பது என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. தூண் கோணல் என்று அலுமினியக்காரர் சொன்ன விளக்கம் எடுபடவில்லை.

"எங்கப்பா கையால வச்ச தூணு அண்ணி அது! கோணலாமா? யாரு சொன்னா? அவரு ரசமட்டம் கோணலா இருக்கும்!"

"எனக்குக் கண்ணு தெரியலைம்மா. நான் எங்க போய் உக்காரட்டும்?"

"கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடுங்க. அதை மூக்கு மேல போடுங்க, வீட்டுக்கு எதுக்கு?"

கணவர் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு, "டூட்டிக்கு நேரமாச்சு" என்று சட்டையை மாட்டினார். அன்று அவருக்கு விடுமுறை.

இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இருவரும் அதையே சொன்னார்கள். ஆல்டரக்காவுக்கும் இடிக்க மனமில்லை. மாமனார் அந்தத் தூண்களைத் தடவித் தடவிப் பூசியதை, கல்யாணமான புதிதில் அவளும் பார்த்திருக்கிறாள். விஷயம் அப்படியே கிடந்தது.

பத்து நாள் கழித்து கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் கோட்டின் தோளைச் சரிசெய்ய வந்தார். வருஷக்கணக்காகப் பக்கத்து இருக்கையில் ஒருக்களித்து உட்கார்ந்தே அவருக்கு வலது தோள் இறங்கிவிட்டது. அவள் வழக்கம்போல இடது தோளுக்கு ஒரு தாள், வலது தோளுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக அச்சு எடுத்தாள். இரண்டாவது தாளை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்திரி பாதியில் நின்றது. அவர் போகும்வரை பொறுத்திருந்தாள். போனதும் அலுமினியக்காரருக்குப் போன் போட்டாள்.

"என்கிட்ட வர்றவங்க யாருமே நேரா இல்லைங்க. நான் துணியைத்தான் வெட்டுவேன், ஆளை வெட்டமாட்டேன். திறப்பு ஒவ்வொண்ணுக்கும் தாள்ல அச்சு எடுத்துத் தர்றேன். அதே கோணல்ல சட்டமும் கண்ணாடியும் பண்ணித் தருவீங்களா?"

"துணின்னா இழுத்தா வரும். கண்ணாடியை எங்கம்மா இழுக்கறது?"

"ஒண்ணே ஒண்ணு பண்ணிப் பாருங்க. சரி வரலைன்னா நான் வாயே திறக்கலை."

சனிக்கிழமை பழுப்புத்தாளை ஒட்டி ஒட்டிக் கதவளவுக்குப் பெரிதாக்கினாள். ஆனால் அதைத் திறப்பில் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கணவர் உண்மையிலேயே டூட்டியில் இருந்தார். சண்டை பிடிக்க வந்த நாத்தனாரைத்தான் ஸ்டூலில் ஏற்றினாள்.

"தூணைத் தொடமாட்டேன். தாளை மட்டும் பிடி."

தாளின் மேல்முனையைத் தூணோடு சேர்த்து அழுத்தினாள் நாத்தனார். ஆல்டரக்கா கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை மடித்துக்கொண்டே கீழே வந்தாள். பாதியில் மேலிருந்து ஒரு குரல்.

"அண்ணி... இங்க மூணு விரல் உள்ள போகுது!"

"ஆமா."

"இது எந்த வருஷத்துத் தூணு?"

"எனக்கென்ன தெரியும்? உங்கப்பா தூணு."

நாத்தனார் ஸ்டூலில் நின்றபடியே அந்தத் தூணை மேலும் கீழும் பார்த்தாள். "சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூக்கக் கலக்கத்துல வச்சிருப்பாரு" என்றாள் கடைசியில். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஆல்டரக்காவும் சிரித்தாள். அதோடு தூண்கள் பற்றிய வழக்கு தீர்ந்தது. அன்றே ஏழு திறப்புக்கும் அச்சு எடுத்து முடித்தார்கள்.

முதல் கண்ணாடி சட்டத்தோடு வந்து சேர்ந்தது. அலுமினியக்காரர் தூக்கித் திறப்பில் வைத்தார். உள்ளே போகவில்லை. சாய்வெல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியிருந்தும், சுற்றிலும் அரை விரல் பெரிதாக இருந்தது.

"தாள்ல இருந்ததைத்தாம்மா வெட்டினேன்" என்றார் அவர்.

ஆல்டரக்கா தாளைப் பிரித்துப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்துக் கை வழக்கம். தையலுக்கென்று ஓரத்தில் அரை விரல் விட்டு வெட்டியிருந்தாள்.

"கொஞ்சம் அறுத்துட முடியாதா?"

"இது சூடு பண்ணி கெட்டியாக்கினது. ஓரத்துல கை வச்சா சில்லு சில்லா உதிர்ந்துடும்."

பார்க்க வந்திருந்த நாத்தனார் தாளை வாங்கி மடித்துவைத்தாள்.

"தப்பு என்னோடதுதான்" என்றாள் ஆல்டரக்கா. "துணியை விட்டுப் பிடிக்கலாம். இதை அப்படிப் பண்ண முடியாதுன்னு எனக்குத் தோணலை. எவ்வளவு குறைக்கணும்?"

"திறப்பைவிட எல்லாப் பக்கமும் ஒரு நூல்."

அவர் தொழிலில் நூல் என்றால் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இத்தனை வருஷம் நூலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது புதுச் செய்தி. பெரிதாகிப்போன கண்ணாடியைத் துணி வெட்டும் மேசை மேல் போட்டுக்கொண்டாள். மறுநாளே எல்லாத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எடுத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை திறப்பில் வைத்துப் பார்த்தாள், மூன்றாம் முறை நாத்தனார் பார்த்தாள். தாள்களில் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு, மேல் எது கீழ் எது என்று அம்புக்குறியும் போட்டாள்.

இந்த முறை ஏழும் ஒன்றாக வந்தன. ஒன்றாம் எண்ணைத் தூக்கி வைத்தார் அலுமினியக்காரர். இழுபறியே இல்லாமல், இழுப்பறை மூடுவது போல உள்ளே போய் உட்கார்ந்தது. அலுமினியக்காரர் ஓரத்தில் விரலை ஓட்டினார். மேலே ஏறி ஓட்டினார், கீழே குனிந்து ஓட்டினார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றார்.

"பிடிச்சது யாரு?" என்றாள் நாத்தனார், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டே.

சாயங்காலத்துக்குள் ஏழும் ஏறிவிட்டன. அடுத்த வாரம் இரண்டு நாள் விடாமல் அடித்த மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பூனை வெளிவிளிம்பில் உட்கார்ந்து கண்ணாடியை முறைத்தது. அவள் மெஷினை நடுவில் போட்டு, மூன்று பக்க வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். பரிசோதகர் தன்னோடு வேலை பார்க்கும் நான்கு பேரைக் கூட்டிவந்து, டிக்கெட் கேட்கும் தோரணையில் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக் காட்டினார். "அளவெடுத்தது என் வீட்டுக்காரி" என்றார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் நாலு பேர் முன்னால் அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருந்தாள், ஆனால் ஊசியில் நூலே இல்லை.

மாதம் ஒன்று போயிருக்கும். அலுமினியக்காரர் வந்தார், பைக்கில் பழுப்புத்தாள் கட்டு ஒன்று இருந்தது.

"அக்கா, ஒரு பழைய வீடு. மாடி முகப்பை அடைக்கணும். ஒரு பக்கம்கூட நேரா இல்ல. மூணு பேர் பார்த்துட்டு இடிக்கச் சொல்லிட்டாங்களாம். நான்தான், ஒரு அக்கா இருக்காங்க, பொறுங்கன்னு சொல்லியிருக்கேன்."

அதுவரை அவர் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தார். ஆல்டரக்கா அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குச் சனிக்கிழமைதானே? என் நாத்தனாரும் வருவா. அவ பிடிச்சாதான் தாள் நிக்கும்" என்றாள்.