கழற்றி வைத்த போர்டு

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். வாடகைக்கு வீடு பிடிக்க அத்தனை தேவையில்லை, நாலைந்து போதும். பதினெட்டு வருடமாகப் புதுச்சேரியில் வீட்டு புரோக்கராக இருக்கிறேன், அனுபவத்தில்தான் சொல்கிறேன். தினமும் குடிக்கிறவரை “ரொம்ப அமைதியான ஆளு” என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். மழைக்கு ஒழுகுகிற மாடியை “நல்லா காத்து வரும்” என்று குடிவருகிறவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அந்தப் பெண்மணியைப் பார்க்கும் வரையில்.

முதலில் போனில்தான் பேசினார்.

“அண்ணே, மூலக்குளத்துல டூலெட் போர்டு பாத்துட்டுப் பண்றேன். ரெண்டு ரூம் இருந்தா போதும். நாங்க முஸ்லிம்.”

மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்த மூன்றாவது விஷயத்தை எங்கள் தொழிலில் யாரும் போனில் சொல்வதில்லை. வீடு பார்த்து, அட்வான்ஸ் பேசி, ஆதார் நகல் கேட்கும்போதுதான் பெயர் வெளியே வரும். நான் அதில் தடுமாறிப்போய், எந்த போர்டு என்றுகூடக் கேட்கவில்லை. சாதாரணமாகவே கேட்கிற வழக்கமில்லை. என் நம்பர் இந்த ஊரில் முப்பது கேட்டிலாவது தொங்கிக்கொண்டிருக்கும்.

“அதெல்லாம் பாத்துக்கலாம்மா,” என்றேன்.

அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். கணவர் கடைத்தெருவில் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருந்தார். அவர்கள் குடியிருந்த பழைய வீட்டை அதன் உரிமையாளர்களான அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து இடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அதற்கடுத்த வாரமே மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மகள் படித்த பள்ளிக்கூடம் மூலக்குளத்தில்.

“பாப்பா புத்தகத்தயெல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்காண்ணே. பிரிக்க ஒரு எடம் வேணும்,” என்றார்.

என் வீடும் மூலக்குளத்தில்தான் இருக்கிறது. மாடி இரண்டு மாதமாகக் காலி. இரண்டு ரூம், தனிப் படிக்கட்டு. என் கேட்டிலும் ஒரு போர்டு தொங்கியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அதைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் சொருகினேன். மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கமிஷன் இல்லாமல் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

முதலில் காட்டிய வீடு ரெட்டியார்பாளையத்தில், ஒரு ரிட்டயர்டு பேங்க்காரருடையது. “இன்னைக்கு ஒருநாள் பர்தா இல்லாம வாங்கம்மா,” என்று சொல்லி வைத்தேன். போட்டுக்கொண்டே வந்தார். போகட்டும், பேங்க்காரரிடம் ஏற்கெனவே ‘சுத்த சைவம்’ என்று சொல்லியிருக்கிறேன், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் பெண்மணி வாசலில் செருப்பை விட்டதும் ஆரம்பித்தார்.

“ஐயா, நாங்க முஸ்லிம். கறி சமைப்போம், மீனும் சமைப்போம். விடியக்காலைல எழுந்துருவோம், சத்தம் போட மாட்டோம். அண்ணன் வேற மாதிரி சொல்லிருந்தா, அது எங்களுக்கு வீடு கெடைக்கணுமேன்னு சொன்னது.”

பேங்க்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மகன் துபாயிலிருந்து வருகிறான், அதனால் இப்போதைக்கு விடுவதாக இல்லை என்றார் அவர். அந்த வாரம் மட்டும் மூன்று வீட்டு மகன்கள் வெளிநாட்டிலிருந்து திரும்புவதாக இருந்தது.

தெருவுக்கு வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்களுக்கு வீடு வேணுமா வேணாமாம்மா?”

“வேணும்ண்ணே. ஆனா குடி வந்தப்புறம் தெரிஞ்சு காலி பண்ணச் சொன்னா, பரீட்சை நடுவுல தெருவுல நிப்போம். வாசல்லயே தெரிஞ்சா அடுத்த வீடு பாக்கலாம்ல.”

அதன்பிறகு நான் அவருக்காகச் சொன்ன பொய்களையெல்லாம் வாசலில் நின்று ஒவ்வொன்றாக அவரே அவிழ்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் அதே வார்த்தைகள், அதே நிதானம். ஐந்தாவது வீட்டில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் வடக்கே எங்கேயோ அந்தத் தீவிரவாதத் தாக்குதல் நடந்தது. எல்லா வீட்டிலும் டிவியில் அதுதான். என் போனில் எல்லா குரூப்பிலும் அதுதான், இரண்டு மூன்று மெசேஜை நானும் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டேன். அன்றைக்கு ஒரு வீடு பார்ப்பதாக இருந்தது. “இன்னைக்கு வேணாம்மா, ஜனங்க சூடா இருக்காங்க,” என்று போன் செய்தேன்.

“நாள் இல்லண்ணே,” என்று ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

அந்த வீட்டுக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரான்சில் வாலிபத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது தன் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்களாம். கண் கலங்க என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரே டிவியைக் காட்டி அந்தப் பெண்மணியிடம் கேட்டார். “இதுக்கு நீங்க என்னம்மா சொல்றீங்க?”

இவர் டிவி பக்கம் திரும்பினார். இறந்து கிடந்தவரின் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். இவர் அதை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றதால் நாங்கள் இருவரும் பார்க்க வேண்டியதாயிற்று.

“அந்தம்மா அவரு சட்டைய இழுத்து விடுறாங்க பாருங்க, இடுப்பு தெரியுதுன்னு,” என்றார் மெதுவாக. “காலைலேந்து எனக்குச் சோறு எறங்கல. தொழுவும்போது அவங்களுக்காகத்தான் கேட்டேன்.” பர்தா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வீடு பாக்கலாங்களா ஐயா?”

அந்தப் படத்தைக் காலையிலிருந்து ஐம்பது தடவை பார்த்திருப்பேன். அந்த அம்மாவின் கையை நான் பார்க்கவே இல்லை. யாரைத் திட்டலாம் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்தா சாவியை எடுத்து வீட்டைக் காட்டினார். சாயங்காலம் எனக்கு போன் செய்தார். “தங்கமான பொண்ணுப்பா. ஆனா அக்கம்பக்கம் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லும்.”

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அந்தப் பெண்மணி என் வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டரின் பின்னால் மகள், மடியில் கணக்குப் புத்தகம். வேறு புரோக்கரிடம் கொடுக்க ஆதார் நகலைத் திருப்பிக் கேட்டார். தேடிக் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கியவர் கேட்டைப் பார்த்தார். போர்டைக் கழற்றிய நான் அது தொங்கிய கம்பியைக் கழற்றாமல் விட்டிருந்தேன்.

“மொத நாள் நான் போன் பண்ணதே இந்த போர்டப் பாத்துட்டுதான்ண்ணே,” என்றார். “மறுநாள் பாப்பாவ ஸ்கூல்ல விட வந்தப்ப பாத்தேன். காணோம். பக்கத்துக் கடைல கேட்டேன், உங்க வீடுன்னாங்க.”

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“தெரிஞ்சுமா எங்கூட இத்தன வீடு ஏறி எறங்குனீங்க? ஏம்மா கேக்கல?”

“கேட்டா நீங்க ஒரு பொய் சொல்லணும். எனக்காக ஏற்கெனவே நெறைய சொல்லிட்டீங்க.” சிரித்தார்.

மூன்று வாரம். ஏழு வாசல். நான் யார் என்று தெரிந்துகொண்டே என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்டிருக்கிறார். இன்னொரு பொய் சொல்வதிலிருந்துகூட என்னைக் காப்பாற்றியிருக்கிறார். கோயிலில் சூடம் காட்டும்போதுகூட எனக்கு அந்த மாதிரி கும்பிடத் தோன்றியதில்லை.

“மாடியப் பாருங்கம்மா,” என்றேன்.

“அக்காகிட்ட கேட்டீங்களா?” என்றார்.

அதற்குள் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் செருப்பை விட்டுவிட்டு ஒரு படி மேலே ஏறினார்.

“அக்கா, நாங்க முஸ்லிம். கறி சமைப்போம், மீனும் சமைப்போம். விடியக்காலைல எழுந்துருவோம், சத்தம் போட மாட்டோம்.”

ஏழு வாசலிலும் பக்கத்தில் நின்று கேட்ட வார்த்தைகள். எட்டாவது வாசல் என்னுடையது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மீன் கழுவுன தண்ணிய வாசல்ல ஊத்தாத, பின்பக்கம் ஊத்து,” என்றாள் மனைவி. “பைப்புல தண்ணி ஆறு மணிக்குத்தான் வரும். பாப்பாவுக்குப் பரீட்சை எப்ப?”

ஆணியில் தொங்கிய மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். தாயும் மகளும் படியேறிப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“போர்ட எடுத்தவுடனே யாருக்கோ பேசி முடிச்சிட்டீங்கன்னுல்ல இருந்தேன். இவங்கள எதுக்கு இத்தன நாளு அலைய விட்டீங்க?”

பதினெட்டு வருடத் தொழில். ஒரு பொய்கூட வாய்க்கு வரவில்லை.