பஞ்சில் கொடுத்த ஊத்

ஊத் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுதான். பஞ்சுக்குச் சூடு கிடையாது. அகில் மரத்துக்கு உள்ளே நோய் விழுந்து, அதைத் தடுக்க மரம் பிசின் சுரக்கிறது. அந்தப் பிசின் ஏறிய கட்டையை வெட்டி, வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, செம்புக் கொப்பரையில் காய்ச்சி இறக்குகிற எண்ணெய் இது. மனிதத் தோலில் பட்டால்தான் அது வேலை செய்யும். முதலில் மாட்டுக்கொட்டகை போல நாறும். பொறுத்தால் பதனிட்ட தோல் வரும், பிறகு வைக்கோல் வரும், சாயங்காலம் வேறு ஏதோ வரும். அந்த வேறு ஏதோவுக்காகத்தான் நாங்கள் பைத்தியமாக அலைகிறோம். பஞ்சில் தொட்டால் மாடு மட்டும்தான் கிடைக்கும்.

பூந்தமல்லியில் ஒரு மொட்டை மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம். மாடிக்குச் சொந்தக்காரர் பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எல்லோரும் பாட்டில் கொண்டுவருவார்கள். கண்ணாடிக் குச்சியை எண்ணெயில் தோய்த்து ஒருவர் புறங்கையில் ஒருவர் இழுத்துவிடுவார்கள். கையைப் பிடித்து இழுத்து மோந்துபார்ப்பார்கள். "மச்சான், இன்னாடா இது, மாட்டுக் கொட்டாயையே தூக்கிக்கினு வந்துட்டியா!" என்று கத்துவார்கள். ஒருத்தர் பூஞ்சை பிடித்த நீலச் சீஸ் வாசனை வருகிறது என்பார். அவர் வாழ்க்கையில் நீலச் சீஸைக் கண்ணால் பார்த்தது கிடையாது.

நான் கையை நீட்டினால் குச்சி பஞ்சுக்குப் போய்விடும். "உங்களுக்கு மேடம்" என்று பஞ்சை நீட்டுவார்கள். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். மரியாதையாம். அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டு பஞ்சை வாங்கி நானே கையில் தேய்த்துக்கொள்வேன். பாதி எண்ணெயைப் பஞ்சு குடித்துவிடும்.

வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வேலையைத் தவிர வேறு விஷயம் பேச எனக்கு அந்த மாடியை விட்டால் வேறு இடம் இல்லை. அண்ணனூரில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் மின்சார ரயில்கள் வந்து படுக்கிற ஷெட். எப்படித் தனியானேன் என்பது யாருக்கும் தேவையில்லாத கதை. பாடியில் பல்சக்கரம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை என் வேலை. நாள் முழுக்க, மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலன்ட்டில் நனைந்த இரும்பைத் தொட வேண்டும். அந்த நாற்றம் சோப்புக்குப் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் இருக்கும், முகத்தைத் துடைத்தால் முகத்தில் இருக்கும். அதை அடிக்க ஏதாவது கிடைக்குமா என்றுதான் முதன்முதலில் பூந்தமல்லி அத்தர் கடைக்குள் போனேன். மல்லிகை, ரோஜா எல்லாம் கூலன்ட்டிடம் தோற்றுப்போயின. ஊத் தோற்கவில்லை.

தொழிற்சாலையில் ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள். "இன்னாக்கா, தர்காவுக்குப் போய்ட்டு வர்றியா?" என்றான் லேத்தில் நிற்கிறவன். "ஆமாண்டா, உனக்குத்தான் வேண்டிக்கிட்டேன், வாய் கோணிக்கணும்னு" என்றேன். அப்புறம் அவன் பேசவில்லை. யாருமே பேசவில்லை. ரயிலில் லேடீஸ் பெட்டியில் பக்கத்து ஸீட் காலியாகவே வரும். லிஃப்டில் நான் ஏறினால் நான்காம் மாடிப் பெண் துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோவாள். ஈரோட்டுப் பக்கம், கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் "லிஃப்டில் புகை வாசனை வருகிறது, யாராவது ஒயரைப் பாருங்கள்" என்று ஒருத்தர் போட்டார். நான்தான் ஒயர் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் கூட்டம் சேர்ந்து அசாமிலிருந்து ஒரு பாட்டில் வரவழைத்தது. சொந்த மரத்தை வெட்டி, சொந்தமாகக் காய்ச்சுகிற ஒருத்தருடைய எண்ணெய். அடுத்த தடவை இதே போல வராது. மரம் வேறாக இருக்கும், ஊறல் வேறாக இருக்கும். மாடிக்காரர் சின்னச் சின்ன பாட்டில்களில் பங்கு பிரித்துக் கொடுத்தார். என் பங்கை நான் வீட்டுக்கு எடுத்துவந்து தினமும் பூசினேன். கையில், கழுத்தில், போர்வையின் ஓரத்தில், தலையணை உறையில். மழையில் துணி காயாமல் வீடு முழுக்க ஈர நாற்றம் அடித்த நாட்களில் அந்த எண்ணெய்தான் எனக்குத் துணை. கதவைத் திறந்தால் யாரோ உள்ளே இருக்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே எண்ணெயை எல்லோரும் ஒரே நாளில் பூசுவோம். காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டும். ஊத் ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு விதமாக வரும். யாருடையது எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு. மழை விட்ட ஒரு ஞாயிறு அசாம் எண்ணெய்க்கு முறை வந்தது. காலையிலேயே குழுவில் மாடும் தோலும் பறந்தன. நான் பூசினேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பூசினேன். தண்ணீர் மாதிரி இருந்தது. "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று எழுதினேன்.

"மேடம், மூக்க சர்வீஸ் வுடணும் போல கீதே" என்று ஒருத்தர். "பாட்டில வெயில்ல வெச்சிட்டீங்களா மேடம்?" என்று இன்னொருத்தர். சிரிக்கிற படங்கள் வரிசையாக வந்தன.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பஞ்சில் கொடுத்தவர்கள் பாட்டிலிலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள், பெண்தானே, இவளுக்கு என்ன தெரியப் போகிறது என்று எதையோ கலந்து கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆவடியில் பூந்தமல்லி பஸ் பிடித்து உட்கார்ந்தபோதுதான் புத்தி வந்தது. இதைக் கேட்டுவிட்டால் அந்த மாடிக்கு நான் மறுபடி போக முடியாது. அந்த ஞாயிறுகள் போய்விடும். இறங்கித் திரும்பலாமா என்று நினைத்தேன். இறங்கவில்லை. கோபம் வந்தால் நான் பாதியில் இறங்குகிற ஆள் இல்லை.

மாடிக்காரர் வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. நாங்கள் கூடும்போது டீ மட்டும் மேலே வரும். என்னைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார்.

"ஐயே, இன்னாக்கா இது! பாட்டிலுக்குள்ள உழுந்து எழுந்து வந்தீங்களா?"

"அவர் இல்லையா?"

"தொழுவப் போய்க்கிறாரு, வந்துருவாரு. உள்ள வாங்க. ஜன்னலாண்ட உக்காருங்க, புண்ணியமாப் போவும்."

"உங்க வீட்டுக்காரர் கொடுத்த எண்ணெயில் வாசனையே இல்லை. கலப்படம். அதைக் கேட்கத்தான் வந்தேன்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வாசன இல்லியா? நீங்க கேட்டத் தொறக்கறப்பவே அடுப்பாண்ட எனக்கு வந்துச்சு. அந்த மனுசன்தான் கருமத்தப் பூசிக்கினு திரும்பி வந்துட்டாரு, நாலு வார்த்த கேப்போம்னு வந்தா நீங்க நிக்கிறீங்க. குடுங்க கைய."

கொடுக்கவில்லை. அவரே பிடித்து இழுத்துக்கொண்டார். இஞ்சி பூண்டு நசுக்கிய கை, ஈரமாக இருந்தது. மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல என் கையைத் திருப்பித் திருப்பி மோந்தார்.

"செருப்புக் கடைல புதுப் பொட்டி தொறந்தா வருமே, அது. அடியில பலாப்பழம் கீது. உங்களுக்கு நெஜமாவே தெர்லியா?"

"தெரியல."

"ஊட்ல எங்கல்லாம் பூசிக்கினீங்க?"

சொன்னேன். போர்வை, தலையணை, எல்லாம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கண்ணன் அத்தர் கடைல வேல பாத்தாரு. கடைலயே தூங்குவாரு. அவருக்கு எந்த அத்தரும் தெரியாது, நாங்கதான் சொல்லணும். மூக்கு பழகிப்போச்சு, அவ்ளோதான். உங்க ஊட்ல யாரும் சொல்லலியா?"

மூக்கு களைத்துப்போகும் என்பது எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு மணி நேரம் களைக்கும், வெளியே போய் வந்தால் சரியாகும். ஒரு மழைக்காலம் முழுக்கப் பூசினால் நாள்கணக்கில் செத்துக் கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் முதல் வாரமே திட்டியிருப்பார்.

"வீட்ல யாரும் இல்லை" என்றேன்.

"அப்போ கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டுப் பிரியாணியைப் பார்க்கப் போய்விட்டார். ஐயோ பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பார் என்று பயந்தேன். பார்க்கவில்லை. நல்ல பெண்மணி.

மாடிக்காரர் வந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். "மேடமா? இன்னா மேடம், ஒண்ணும் வர்லன்னீங்க, தெருவே தூக்குதே!"

"நீ கலப்படம் பண்ணிட்டேன்னு கேக்க வந்துகிறாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் சிரிப்பு நின்றது. "நானா மேடம்?" என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற காரியம் இல்லை. அவர் மேலே போய்த் தன் பங்கு பாட்டிலைக் கொண்டுவந்தார். குச்சியால் தன் கையில் ஒரு கோடு இழுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"அது இன்னாத்துக்குப் பஞ்சு? அவங்க கை இன்னா, காயமா?" என்று மனைவி வந்து குச்சியைப் பிடுங்கினார். என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி இழுத்துவிட்டார். அவர் கையின் சூடு தெரிந்தது. வாசனை தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் என் கையைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் துவைத்தேன். பாட்டில்களைக் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். ஜன்னல்களைத் திறந்துபோட்டேன். சில நாள் ஒன்றுமே இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சாக்கடை, பக்கத்து வீட்டுக் கடுகு, ரயில் ஷெட்டிலிருந்து இரும்பு, என் கையிலிருந்து கூலன்ட். எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. அந்த வீட்டுக்கென்று ஒரு வாசனை இல்லை. அங்கே யாரும் இருக்கிற மாதிரி இல்லை. அந்த நாட்களில் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரப் பிடிக்காமல், நான் ரயிலேறும் கொரட்டூர் பிளாட்பாரத்தில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

மூக்கு திரும்பிய பிறகு குழுவில் எழுதினேன்: "இந்த ஞாயிறு அசாம். நான் மட்டும் பூசுகிறேன்." காலையில் கையில் ஒரே கோடு. மாடு முகத்தில் உதைத்தது. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். மதியம் தோல் வந்தது, எழுதினேன். அதற்குப் பிறகு மூக்கு மங்க ஆரம்பித்தது. அது எல்லோருக்கும் ஆவதுதான். சாயங்காலம் என்ன வந்திருக்கிறது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்கு வீட்டில் யாராவது இருப்பார்கள், கையை நீட்டிக் கேட்பார்கள்.

கீழே பால் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். நான்காம் மாடிப் பெண் காய்கறிப் பையோடு ஓடிவந்து ஏறினாள். துப்பட்டா மேலே போனது.

"காலையிலயும் என்கூட லிஃப்ட்ல வந்தீங்க இல்ல? இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"எதுங்க்கா?"

"என் கை." நீட்டினேன்.

அவள் கதவைப் பார்த்தாள். வெளியே போக வழியில்லை. துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கி, தொடாமல், குனிந்தாள்.

"காலையில தாங்க முடியலைங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "இப்ப பரவால்லைங்க." மறுபடி ஒரு தரம் குனிந்தாள். "பீரோவுல ரொம்ப நாளா வெச்ச பட்டுச்சேலைய எடுத்தா வருமுங்க, அப்படி இருக்குது."

நான்காம் மாடியில் இறங்கிப் போய்விட்டாள். "மாலை: பீரோவில் வைத்த பட்டுப்புடவை. மோந்தது நான் இல்லை, நான்காம் மாடி" என்று குழுவில் எழுதினேன். என் மாடியின் பட்டனை அழுத்தாமல் விட்டிருந்தேன். லிஃப்ட் தானாகக் கீழே இறங்கித் திறந்தது. அங்கே ஏறுவதற்கு யாரும் இல்லை.