நான் வைத்த முற்றுப்புள்ளிகள்

புத்தகங்கள் வந்த அன்று காலை எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பசியாறவில்லை. சேலத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸில் நாலு கட்டுகள் இறங்கின. ஒரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்காடு கடைவீதி வழியே மாமா ஓடியே வந்தார்.

அத்தாவின், அதாவது என் அப்பாவின், பாத்திரக்கடை மாடியில், ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து மாமா பதிப்பகம் நடத்தினார். பெரிய பதிப்பகங்கள் புரியவில்லை என்று திருப்பி அனுப்பும் கவிதைகளாகப் பார்த்துப் புத்தகம் போடுவார். "இதையெல்லாம் நாம போடாட்டி வேற ஆருங்க மச்சான் போடுவா?" என்பார். சும்மா கிடந்த மாடியின் சாவியை அத்தா கொடுத்துவிட்டார்.

இம்முறை வாழவந்தி அக்காவின் முதல் புத்தகம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். பதினோரு மணிக்கு அதே மாடியில் வெளியீடு.

மாமா நாற்காலி கேட்கப் போன நேரத்தில் நான் ஒரு புத்தகத்தைத் திறந்தேன். பகீரென்றது. வரிகள் பாதியில் ஒடிந்து கிடந்தன. ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை! ஐந்தாம் வகுப்பில் தமிழில் முதல் மார்க் வாங்குபவள் நான். மாமாவின் மானமே என் கையில் இருப்பதாகத் தோன்றியது. கறுப்புப் பேனாவை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புள்ளி வைத்தேன், கமா போட்டேன். கடைசிக் கவிதை ‘பஸ் நின்றது அப்பா’ என்று அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் ‘இறங்கினார்.’ என்று குண்டு குண்டாக எழுதிச் சேர்த்தேன்.

அடுத்த புத்தகத்தைத் தொடுவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. மாமா மேலே கிடந்த பிரதியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். நான் திருத்திய பிரதி!

அக்கா படிக்க ஆரம்பித்தார். நான் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் தடுக்கி நின்றார். எட்டிப் பார்த்த மாமாவின் முகம் வெளிறியது. கடைசிப் பக்கத்தில், "பஸ் நின்றது அப்பா இறங்கினார்" என்று படித்த அக்கா அந்தக் குண்டு எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, இதை ஆருங்க எழுதுனது?"

"அச்சுல ஏதோ தப்பாயிருச்சுங்க," என்று மாமா இழுத்தார்.

"நாந்தானுங்க அக்கா," என்று எழுந்தேன். "முடியாம நின்னுச்சுங்க. அதான் முடிச்சு வெச்சேன்."

கூட்டம் சிரித்தது. அக்கா என்னை அருகில் இழுத்துக்கொண்டார். "நல்லா முடிச்சிருக்கே கண்ணு. என்னாலதான் முடியலை," என்றார். கண்கள் நிறைந்திருந்தன.

மாமா அவசரமாகப் புதுப் பிரதி ஒன்றை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. நான் கிறுக்கியதையே பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. என் கையெழுத்து அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்கென்று மலையிறங்கிப் போன அவருடைய அப்பா திரும்பி வரவே இல்லை என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.