இன்லேண்ட் லெட்டரில் இடம் போதவில்லை

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணமாகி, சூலூரிலிருந்து சென்னிமலைக்குப் போனாள். போகும்போது இருபது இன்லேண்ட் லெட்டர்களில் தன் புது விலாசத்தை எழுதி என் கையில் கொடுத்தாள். வாராவாரம் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுத வேண்டுமென்பது உத்தரவு.

எனக்கும் அது பிடித்திருந்தது. கணக்கு டீச்சர் மாறிப் போனது, என் பக்கத்துப் பெண் பேனாவைத் தொலைத்துவிட்டு என்மேல் பழி போட்டது, சத்துணவு முட்டையில் ஒரு நாள் இரட்டைக் கரு இருந்தது என்று பொடிப்பொடி எழுத்தில் எழுதித் தள்ளினேன். அக்காவும் பதில் போடுவாள். கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: ‘வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?’ நானும் பெருமையாக, எல்லோரும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறோம் என்று எழுதுவேன். என்ன காரணமோ, அப்படி எழுத எழுத அவளுடைய கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன.

ஆடிக்கு அழைத்து வரப் போன அப்பா தனியாகத் திரும்பினார். அங்கே வேலை அதிகமாம், அக்காவின் மாமியார் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் ரொம்ப நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

புரட்டாசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வந்தது. எலுமிச்சம்பழ ஓட்டத்தில் எனக்கு மூன்றாம் பரிசு, ஒரு சோப்பு டப்பா. ஓடியது மூன்றே பேர்தான் என்பதை விட்டுவிட்டு, மீதியை விலாவாரியாக எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வீட்டை ஒட்டியிருந்த எங்கள் தறி ஷெட்டிலிருந்து ஒரே கூச்சல். ஓடிக்கொண்டிருந்த பவர்லூமிலிருந்து, ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாக் கட்டை தெறித்து அப்பாவின் புருவத்தில் அடித்துவிட்டது. கண் வீங்கி மூடிக்கொண்டது. தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் அவரை மொபட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மாவும் பின்னாலேயே பஸ்ஸைப் பிடித்துப் போனாள்.

தனியாக இருந்த நான் கடிதத்தை முடிக்க உட்கார்ந்தேன். சோப்பு டப்பாவின் நிறத்தை வர்ணித்ததிலேயே தாள் நிறைந்துவிட்டிருந்தது. மடிக்கிற ஓரத்தில் கிடைத்த இடத்தில் இப்படி எழுதினேன்: ‘அப்பா கண்ணே திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மீதி அடுத்த கடிதத்தில்.’ ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பொழுது சாய அப்பா கட்டோடு திரும்பி வந்தார். பார்வைக்குப் பழுதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா வந்தாள். கையில் பை இல்லை. கட்டியிருந்தது வீட்டுச் சேலை. மூன்று பஸ் மாறி வந்தவள் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு ஓடி வந்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தார். வாசலைத் தாண்டியதும் அவரைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏஞ்சாமி, ஒண்டியாவா வந்தே? என்னாச்சு?” என்று அப்பா எழுந்தார்.

“கண்ணே தொறக்கலைன்னு… லெட்டர்ல…”

“இந்தக் கண்ணுதான் தொறக்கலை. அந்தக் கண்ணு நல்லாத்தான இருக்குது, பாரு!”

அக்கா சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையானது, மறுபடி சிரித்தாள். அம்மா அவள் கையில் கசங்கியிருந்த கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னைத் தேடினாள். நான் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன்.

“இப்படியாடி எழுதுவே? எப்படிப் பதறியடிச்சுட்டு வந்திருப்பா!”

“அவளைத் திட்டாதீங்கம்மா,” என்று சொல்லிக்கொண்டே அக்கா என்னை வெளியே இழுத்தாள். அடி நிச்சயம் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அவளோ கட்டிப்பிடித்து, “நீ எழுதுனது நல்லதாப் போச்சு கண்ணு. இல்லாட்டி என்னை விட்டிருக்கவே மாட்டாங்க,” என்றாள். பிறகு சோறு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழ ஓட்டத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். மூன்றே பேர் ஓடியதை அவளிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாவும் அம்மாவும் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வந்த ஐந்தாம் நாள் அக்கா வீட்டுக்கார மாமா அழைக்க வந்தார். கட்டு அவிழ்த்தாயிற்று என்றாலும் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்தார். “கண்ணு தெளியற வரைக்கும் புள்ளை இருக்கட்டுங்க, மாப்பிள்ளை,” என்றார். அவர் நடிப்பதாக நான் சொல்ல வாயெடுத்தபோது அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமாவும் அப்பாவும் வெளியே போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா இரண்டு வாரம் இருந்தாள். அப்புறம் மாதம் ஒரு முறை வந்துபோனாள். அதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் நோய் வர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அவள் வந்த மறுநாள் காலைதான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வீடே சத்தமில்லாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் எங்கள் தறிகள் ஓய்ந்து நான் பார்த்ததில்லை; அப்பாவுக்கு அடிபட்ட மறுநாள்கூட அவை ஓடின. ஷெட் வாசலில் அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே, மணி ஒன்பதாகியும் அக்கா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். கரண்டு இல்லை போலிருக்கிறது என்று நினைத்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டுப் போகும்படி அப்பா கையைக் காட்டினார். ஒன்றும் புரியாமல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.