கூரையைப் பிரித்து மூச்சைக் கொடுத்தாள்

அம்மனை நம்புகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு நயமாகச் சொல்ல வராது. நடந்தது இதுதான்.

எண்பத்திரண்டாம் வருடம், கார்த்திகை மாதம். நெடுங்காட்டில் மாமியார் வீட்டில் எனக்கு இரண்டாவது பிரசவம். பெண் குழந்தை. விடாத மழை. பிரசவ அறையில் தணல் வைக்கக் கரியும் இல்லை, காய்ந்த விறகும் இல்லை. மாமனாரின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஊர் திரும்பும்போது ஒரு கேஸ் ஹீட்டரைக் கொண்டுவந்திருந்தார். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? பரணில் கிடந்தது. அதை இறக்கி, சிலிண்டரோடு குழாய் மாட்டி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

முன்பக்கத்தைப் பளபளவென்று துடைத்தார்கள். பின்பக்கம் காற்றுப் போகிற துளைகளில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். அத்தை விடவில்லை.

"குளவி கூடு கட்டுனா வீட்டுல புள்ள பொறக்கும்பாங்க. பொறந்தும் ஆச்சு. அதப் போயி ஒடைக்கச் சொல்றியே!"

நெருப்பு மஞ்சளாக எரிந்தது. "குத்துவிளக்காட்டம் எரியுது பாத்தியா" என்று சின்ன மாமனாருக்கு ஒரே பெருமை. பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் இடுக்கில் பழம்புடவையை அடைத்தார்கள். கதவடியில் சாக்கைப் போட்டார்கள்.

மறுநாளே தலைவலி. மண்டையைப் பிளக்கிற வலி. பிறகு வாந்தி. குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. கொல்லைப்பக்கம் போனால் எனக்குத் தலை தெளியும். திரும்பி வந்து படுத்தால் மறுபடி சுற்றும். இதைச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

"கொல்லைக்குப் போயி காத்து வாங்குனல்ல, அதான் ஜன்னி கண்டிருக்கு" என்றார் அத்தை. ஹீட்டரை இன்னும் கூட்டி வைத்தார்.

"இப்புடி அடைச்சு வெச்சா ஜன்னி வர்றதுக்கு முன்னாடி நான் போயிடுவேன் அத்தை."

"ஒன் வாய்க்கு எமனே பயப்படுவான், படு."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மா நாலு பெத்தவங்க, அவங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வயலில் தண்ணீர் வடிக்கப் போய்விட்டார்.

அன்று மதியம் காற்று பலமாகிவிட்டது. கதவு படபடவென்று அடித்ததால் அத்தை வெளியே தாழ்ப்பாள் போட்டார். கொஞ்ச நேரத்தில் குழந்தையைத் தொட்டேன். துவண்டு கிடந்தது. உலுக்கினேன், கண் திறக்கவில்லை. எழுந்தேன், கால் மடங்கி விழுந்தேன். கத்தினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கதவு வரை தவழக்கூட முடியவில்லை.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அம்மனையே அதட்டினேன். "தாயே, மாசாமாசம் ஒனக்கு மாவிளக்குப் போட்டேனே, எதுக்கு? என்னைய விடு. என் புள்ளைக்கு ஒரு வாய்க் காத்து குடு."

கூடத்தில் அத்தையும் அதே அம்மனைத்தான் கூப்பிட்டிருக்கிறார். "தாயே, எங்க கூரையக் காப்பாத்து!"

அம்மன் என் பேச்சைக் கேட்டாள். சடசடவென்று என் தலைக்கு மேலே ஒரு வரிசை ஓடு பறந்தது. வேறெங்கும் ஒரு ஓடு அசையவில்லை. மழை கொட்டி ஹீட்டர் சீறி அணைந்தது. குழந்தை முகத்தில் தண்ணீர் அடித்தது. வீல் என்று கத்தினாள் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதைக் கேட்டுத்தான் அத்தை கதவைத் திறந்தார். "அய்யய்யோ, புள்ள நனையுதே!" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். ஓடு பறந்ததைப் பார்த்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் சிலிண்டரை மூடிவிட்டு என்னை இழுத்து வெளியே போட்டார். மழை விட்டதும் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜன்னியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அரைகுறையாக எரிகிற நெருப்பில் விஷக்காற்று உண்டாகும், அதற்கு வாசனையே கிடையாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக விளக்குமாற்றுக் குச்சியால் குளவிக் கூட்டைக் குத்தி எடுத்தேன். ஹீட்டருக்குள்ளே கைநிறையக் கரி.

"பாவம்டி" என்றார் அத்தை.

"ஒங்க பேத்தி பாவமில்லையா?" என்றேன். விளக்குமாற்றை வாங்கிக் கீழே கொட்டிய கரியைக் கூட்டித் தள்ளினார்.

அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தேன். ஓடுகளைத் திரும்ப வேய்ந்தபோது, அந்த இடத்தில் புகைபோக வழி விட்டால்தான் ஆச்சு என்று நின்றேன். விட்டார்கள். இப்போதும் மழைக்காலம் வருமுன் ஹீட்டரை நானே பிரிப்பேன். சிலிண்டரை மூடி, சூடு ஆறியபின் தூரிகையால் கரியையும் தூசியையும் தட்டுவேன். மறுபடி மாட்டிச் சிலிண்டரைத் திறந்து, குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் கொப்புளம் வருகிறதா என்று பார்ப்பேன். நீலமாக எரிந்தால்தான் வீட்டுக்குள் வைப்பேன். எப்படி எரிந்தாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தூங்கும்போது அணைத்துவிட வேண்டும். ஊரில் எந்தப் பிரசவ அறைக்குப் போனாலும் முதலில் ஜன்னலைத் திறப்பேன். திட்டுகிறார்கள். திட்டட்டும்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அம்மனைக் கூப்பிடுங்கள். அழகாகக் கூப்பிடத் தெரியாவிட்டால் சண்டை போட்டுக் கூப்பிடுங்கள், கேட்பாள். ஆனால் நீங்களே அடைத்த ஜன்னலை நீங்களே திறந்துவிடுங்கள். அதற்கும் அவள்தான் வரவேண்டுமா?

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தொண்டை பெரிசு. கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். மற்றவர்கள் அவளை அதட்டுவார்கள். அத்தை மட்டும் அதட்ட மாட்டார். "கத்தட்டும் விடு" என்பார்.